வீங்காத முதல் புள்ளி

1998 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறுக்குப் பால் பூத் வரிசை. ஆறரைக்குக் காபி. அதற்குள் இருபத்திரண்டு தும்மல். எட்டேகாலுக்கு மனைவி கமலாவுடன் ஆர்.கே.புரத்தில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மூன்று குளிர்காலமாக எனக்கு மூச்சு இழுத்தது. மூன்று வருடமாக என் பூனை எங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். தன் வயிற்றுவலிக்கே காரணம் தெரியாத கமலாவின் தம்பி, “அத்தான், பூனைக்கு வக்காலத்து வாங்கவா ஆஸ்பத்திரி போறீங்க?” என்றான்.

உண்மையில் அதற்குத்தான் போனேன். சோதனையில் பூனைதான் காரணம் என்று வந்தால், அவன் அதை மயூர் விஹாரில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

ஆஸ்பத்திரி ஊழியர் என் முன்கையில் பேனாவால் எண்களைக் கோணலாக எழுதினார். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொட்டு: முதலில் பெயர் சொல்லாத ஒன்று, பிறகு தூசி, மகரந்தம், நாய், பூனைச் செதில் (தோலிலிருந்து உதிரும் நுண்துகள்). சொட்டின் மேல் ஊசியால் லேசாகக் குத்தினார். இருபது நிமிடம் காத்திருந்தோம். எதுவும் வீங்கவில்லை.

“பார்த்தியா?” என்றேன்.

“டாக்டர் சொல்லட்டுங்க,” என்றாள் கமலா.

டாக்டர் முதல் புள்ளியை மட்டும் பார்த்தார். அது ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடலே சுரக்கும் பொருள்). யார் கையிலும் வீங்க வேண்டியது; வீங்காவிட்டால் சோதனையே செல்லாது. என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று இந்தியில் கேட்டார். சோதனைக்காக மாத்திரைகளைப் பத்து நாளுக்கு முன்பே நிறுத்தியதற்குச் சாட்சியாக நாட்குறிப்பை நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். தினமும் இரவு பத்து மணி, இருமல் டானிக், இரண்டு ஸ்பூன்.

“அது மாத்திரை இல்லையே,” என்றேன்.

“அச்சா! பாட்டிலில் இருந்தால் மருந்து இல்லையா?”

அந்த டானிக்கில் ஒவ்வாமையை அடக்கும் மருந்தும் கலந்திருந்தது. சோதனைக்குப் போகிறவர்கள் வீட்டிலுள்ள பாட்டில்களையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஊரார் மடத்தனத்தையெல்லாம் குறித்து வைத்த நோட்டில் என்னுடையதும் மணி தவறாமல் பதிவாகியிருந்தது.

வீடு திரும்பியதும் கமலா டானிக் பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்தாள்.

டிசம்பர் முதல் தேதி மறுபடி குத்தினார்கள். முதல் புள்ளி ஆறு மில்லிமீட்டர். பூனை பதினொன்று. என் ஸ்கேலால் நானே அளந்தேன். டாக்டருக்கு ஸ்கேல் தேவைப்படவில்லை. பூனை போனாலும் அதன் செதில் வீட்டில் சில மாதங்கள் தங்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கமலாவின் தம்பி கூடையோடு வந்தான். கேலி எதுவும் பேசாமல், “பூனைக்கு மீன் எத்தனை மணிக்குப் போடணும் அத்தான்?” என்று மட்டும் கேட்டான். நேரங்களை எழுதிக் கொடுத்தேன்.

அன்றிரவும் மூச்சு இழுத்தது. பூனை வீட்டைவிட்டுப் போன நேரம் 4.40 என்று எழுத முடிந்தது. நெஞ்சைவிட்டு எப்போது போகும் என்று எழுத முடியவில்லை.

திங்கள் காலை முதல் வேலையாக மூக்கில் துணி கட்டிக்கொண்டு மெத்தை உறையைத் துவைக்கக் கழற்றினேன். கமலா மறுமுனையைப் பிடிக்க வந்தாள். வேண்டாம் என்றேன். பிறகு, பிடி என்றேன்.