ஏழு வேளா மீன்கள்

ஒரு மீனினம் அழியும் நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதை அறிஞர்கள் கடலுக்குள் இறங்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்று பத்தாம் வயதுவரை நான் நம்பியிருந்தேன். அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் கடற்கரை ஊரான திருவேட்டக்குடிக்கு வந்த ஆய்வாளர் அந்த நம்பிக்கையைக் குலைத்தார். அந்த அம்மையாருக்கு நீந்தவே தெரியாது.

அவர் தோளில் ஒரு துணிப்பை. அதனுள் கோடிட்ட குறிப்பேடு ஒன்றும் மீன்படங்கள் ஒட்டிய அட்டைகளும். எங்கள் தெருவில் வீடுவீடாக ஏறி இறங்கி அவர் விசாரித்தது வேளா மீனைப் பற்றி. சுறாவின் உடலும், இருபுறமும் பல்வரிசை கொண்ட நீண்ட வாள் போன்ற மூக்கும் உடைய மீன் அது. அம்மூக்கை எங்களவர் கொம்பு என்பர். யாரும் அழைக்காமலேயே நான் அவர் பின்னால் நடந்தேன்.

“கடல்ல எத்தனை இருக்குன்னு எப்படிக்கா கண்டுபிடிப்பீங்க?”

“எண்ண முடியாதும்மா. கடைசியா எப்ப பார்த்தீங்க, எங்க பார்த்தீங்க, எவ்வளவு பெருசுன்னு எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுவேன். வயசானவங்க நெறைய பார்த்திருந்து, உங்க அப்பா வயசுக்காரங்க கொஞ்சமா பார்த்திருந்து, இளவட்டங்க பார்க்கவே இல்லைன்னா அது அருகிப்போச்சுன்னு அர்த்தம். விட்டு விட்டாச்சும் இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டே இருந்தாங்கன்னா, இன்னும் இருக்குன்னு அர்த்தம்.”

சொல்பவர் மெய்தான் சொல்கிறாரா என்று அறியவும் அவரிடம் ஓர் உத்தி இருந்தது. நம் கடலில் வாழவே வாழாத மீன் ஒன்றின் படத்தையும் அட்டைகளுக்கிடையே செருகி வைத்திருந்தார். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த என் பெரியப்பா அதைக் கண்டதும், “இதுவா? நேத்துகூட ரெண்டு வந்துச்சே!” என்றார். ஆய்வாளர் முகம் மாறாமல் அவர் பெயருக்கு எதிரே ஒரு சிறு குறி இட்டார். தம் அறிவுக்குக் கிடைத்த மதிப்பெண் என்று பெரியப்பா அதை எண்ணியிருக்க வேண்டும். அன்று முழுவதும் அவருடைய நடையே வேறாக இருந்தது.

மாலைக்குள் ஏழு வீடுகளில் வேளா பிடித்த கதை கிடைத்துவிட்டது. ஒருவருக்கு அது மூத்த மகளுக்குச் சடங்கு நடந்த ஆண்டு. மற்றொருவருக்குப் புதுப்படகு இறக்கிய ஆண்டு. இன்னொருவருக்கோ, எந்த ஆண்டோ தெரியாது, மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம். எங்கள் தெருவில் ஆண்டுகளுக்கு எண் கிடையாது. ஆய்வாளர்தாம் குத்துமதிப்பாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு கதையையும் ஒவ்வோர் ஆண்டுக்கு நேரே எழுதினார். ஏழாம் வரியை முடித்தபோது அவர் முகம் மலர்ந்தது.

“ஏழு தடவ மாட்டியிருக்குன்னா, இந்தப் பக்கம் இன்னும் வருதும்மா!”

அவர் மகிழ மகிழ எனக்கு வயிறு எரிந்தது. வேளா பிடித்தவர் என் அப்பா. எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஒரே பெருமை அது. நான் பிறப்பதற்கு முன்பு கரைவலையில் சிக்கிய வேளா, துள்ளிய துள்ளலில் அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. இப்போது கேட்ட ஏழு கதைகளிலும் மீன் சேரும் வலைப்பையான மடி பிய்ந்தது. ஏழிலும் கொம்பு யாரோ ஒருவனுடைய காலைக் கிழித்தது. ஏழு மீன்களும் ஒரே காலைத் தேடி வருமா?

“அக்கா, அது எங்க அப்பா காலு! மீனும் எங்க மீனுதான்!”

அப்போதுதான் கரையேறியிருந்த அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். “வுடு புள்ள, மானத்த வாங்காத” என்று முணுமுணுத்தபடி அவர் கைலியைச் சற்று உயர்த்தினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு.

தெரு கூடிவிட்டது.

“அவன் கால குடுத்தான், சரி. கயித்த இழுத்தது யாரு? அது நான் புடிச்ச மீனுங்க” என்றார் எதிர்வீட்டு மாமா.

“அப்ப நாங்கல்லாம் அன்னைக்கு மண்ணையா இழுத்தோம்?” என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அம்மா விடவில்லை. “ஆமா, எல்லாருந்தான் புடிச்சீங்க. ஆஸ்பத்திரில தையல் போட்டுக்கிட்டது மட்டும் இந்த மனுசன்!”

அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. கரைவலையின் இரு கயிறுகளையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பார்கள். கயிற்றில் கைவைத்த எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆகவே வலையில் ஏறிய மீன் ஒவ்வொருவரும் பிடித்த மீன். ஆய்வாளர் இதை அறியார். இதை அறியாத ஒருவர் உலகில் இருக்கக்கூடும் என்று நாங்களும் எண்ணியதில்லை.

ஆய்வாளர் குறிப்பேட்டைத் திறந்து, ஒவ்வொருவரிடமும் மீண்டும் ஒருமுறை கேட்டுக் கேட்டு, ஆறு வரிகளைக் குறுக்கே அடித்தார். அடிக்க அடிக்க எனக்கு உள்ளம் குளிர்ந்தது. எஞ்சிய வரியில் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னேன், எழுதினார். பிறகு கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“இதுக்கப்புறம் யாராச்சும் வேளாவப் பார்த்தீங்களா?”

எதிர்வீட்டு மாமா தம் மனைவியைப் பார்த்தார்; அத்தை உதட்டைப் பிதுக்கினார். ஆய்வாளர் பேனாவை மூடாமல் நெடுநேரம் காத்திருந்தார். அப்பா கைலியை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.

தெருவே எங்களிடம் தோற்றுப் பேச்சிழந்து நிற்கிறது என்று எண்ணி, அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு நான் நிமிர்ந்து நின்றேன்.