உப்பிய சார்டின் டின்

எங்கள் தோட்டக் குடியிருப்புக்கு மீன் லோரி வாரம் ஒருமுறைதான் வரும். மொத்தமாக வாங்கும் மீனில் பாதி கெட்டுப்போகும். அதனால் விலை மலிவான சார்டின் டின்களை வாங்கி அடுக்கினேன். ஒன்று உப்பியிருந்தது. வீணாக்க மனமில்லாமல் திறந்தேன். குழம்பு ‘புஸ்’ என்று தெறித்தது. அதற்குள் மகள் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டாள்.

உப்பிய மூடியைப் பார்த்த கணவர் பதறினார். “ஐயோ, இத யாரு சாப்பிட்டா?”

ரெம்பாவ் டவுன் கிளினிக்குக்கு ஓடினோம். டின் உப்பியிருந்தால் உள்ளே கிருமி வளர்ந்து நஞ்சாகியிருக்கலாமாம். பார்வை மங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் டாக்டர். இரண்டு நாள் அவளையே சுற்றி வந்தேன்.

“கண்ணு நல்லா தெரியுதாம்மா?”

“எத்தன தடவம்மா கேப்பீங்க? தெரியுது லா!”

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இப்போது இரண்டு நாளைக்குத் தேவையான மீனை மட்டும் வாங்குகிறேன். உப்பிய டின்னைத் திறக்காமலே தூக்கிப் போடுகிறேன். அதை வீண் என்று நினைப்பதில்லை.