ரீத்தா வீட்டு ஆறு நாற்காலிகள்

ஒரு வீட்டின் முன்னறை யாருக்குச் சொந்தம்? அதில் தினமும் நடமாடுகிறவர்களுக்கா, மாதத்தில் ஒருமுறை வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கா? பெரிய கேள்வி என்று சொல்லமாட்டேன். ஆனால் பினாங்கின் டத்தோ கிராமாட்டில் டிராம் பாதைக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டில் ரீத்தா குடியிருந்த வருஷங்களைப் பார்த்தவர்களுக்கு இது தோன்றாமல் இருந்திருக்காது. அந்தப் பெண் தன் முன்னறையோடு பட்ட பாடு அப்படி.

ரீத்தாவுக்குத் தாய் தகப்பன் முகம் தெரியாது. கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள். நாற்பது கட்டில்கள் வரிசையாகப் போட்ட கூடத்தில் ஒரு கட்டில், சுவர் அலமாரியில் அரைத் தட்டு, இவ்வளவுதான் அவளுக்கென்று இருந்த இடம். சனிக்கிழமைகளில் மடத்தில் பார்லர் என்று சொல்லும் வரவேற்பறையின் தரைக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பது அவள் வேலை. பாதி தேங்காய் மட்டையைக் காலடியில் வைத்து அழுத்தி, ஆடுவதுபோல இடமும் வலமும் தேய்க்க வேண்டும். சுவரோரமாகப் பன்னிரண்டு நாற்காலிகள். நடுவில் சரிகைத் துணி விரித்த வட்ட மேசை. அதில் யாரும் எதையும் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மற்றப் பெண்களின் உறவுக்காரர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்காருவார்கள். ரீத்தாவைப் பார்க்க யாரும் வந்ததில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு நாள் அவளைப் பார்லருக்குக் கூப்பிட்டார்கள். எதிர்ச் சுவரோரம் ஓர் ஆள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துறைமுகக் கிடங்கில் கிராணியாகக் கணக்கு எழுதும் பாக்கியநாதன். மணமுடிக்கப் பெண் கேட்டுப் பங்குச் சாமியாரின் கடிதத்தோடு வந்திருந்தார். இருவருக்கும் நடுவே அறையின் முழு அகலமும், மடத்துத் தலைவியான மதரும். பாக்கியநாதன் நெடுநேரம் யோசித்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். ரீத்தா தலையாட்டினாள். கால்மணி நேரம் கழிந்து அவர் எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"தரை வழுக்கும். பாத்து நடங்க."

கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். பாக்கியநாதன் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டதால் தெரு முழுவதற்கும் தெரியும்.

முதல் நான்கு வருஷம் பாக்கியநாதனின் பெரியப்பா வீட்டில் ஓர் அறையில் காலம் தள்ளினார்கள். 1929-இல்தான் டத்தோ கிராமாட் வீடு வாடகைக்குக் கிடைத்தது. ரீத்தா உள்ளே நுழைந்து முன்னறையின் நடுவில் நின்று, "இது முழுசும் நமக்கா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்தாள். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையின் சாமான்களை லேலோங் கடையில் ஏலம் விட்டபோது, வளைந்த முதுகுள்ள ஆறு நாற்காலிகளை எடுத்தாள். ஒன்றின் பிரம்பு கிழிந்திருந்தது, தானே பின்னினாள். சன்னலுக்குப் பூவேலைத் திரை, மேசைக்குக் கொக்கிப் பின்னல் துணி. சனிக்கிழமை தோறும் மெழுகும் தேங்காய் மட்டையும்.

நல்ல கைவேலை, மறுக்கவில்லை. ஆனால் அறை அழகாக இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் தயக்கம்தான். ஒழுங்கும் அழகும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம். ரீத்தாவும் அப்போது அப்படித்தான் நினைத்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் வீட்டுக்கு ஆட்கள் வர வேண்டும். வந்தால் இருக்க வேண்டும்.

ஆட்கள் வந்தார்கள். இருக்கவில்லை. பாக்கியநாதனின் சிநேகிதன் சூசை டிராம் கண்டக்டர். அவன் வண்டியில் குரல் கொடுத்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்பவன் சில்லறையைத் தேடுவான். அந்தச் சூசை இந்த அறைக்குள் வந்ததும் சுவரோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வாயருகே கையை வைத்துக் கிசுகிசுத்தான்.

"அண்ணே, இங்க பேசலாமா? இல்ல, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் பேசணுமா?"

பக்கத்து வீட்டு ஆசியா பீவி முன்வாசல் வழியாக வருவதையே விட்டுவிட்டாள். பின்பக்கமாக வந்து, அடுப்படியில் கிடந்த தேங்காய் துருவும் பலகையில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கதை பேசுவாள்.

"ஹால்ல வந்து உக்காருங்கக்கா. நாற்காலி எதுக்குக் கெடக்கு?"

"உன் ஹாலு ச்சந்தேக்தான்லா, யாரு இல்லேன்னா? அழகுதான். ஆனா அங்க உக்காந்தா கோர்ட்டுல சாட்சி சொல்ல வந்த மாதிரி இருக்குடி. எனக்கு இந்தப் பலகையே போதும்."

அன்று சாயங்காலம் ரீத்தா புருஷனிடம் கேட்டாள். "ஹால்ல என்னாங்க கொறை?"

பாக்கியநாதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாற்காலிங்க கொஞ்சம் தூரத் தூரமா இருக்கோ?"

"அப்படித்தானே போடணும்? மடத்துப் பார்லர்ல நீங்க பாக்கலையா?"

ரீத்தா வளர்ந்த காலத்தில் பார்த்த வரவேற்பறை அது ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

குறை அலங்காரத்தில் இருக்கிறது என்று அவள் முடிவு செய்துகொண்டாள். அலங்காரத்தைக் கூட்டினாள். கடைசியாக, திரு இருதயப் படத்தை வீட்டில் ஸ்தாபிக்கச் சாமியாரை அழைப்பது என்று தீர்மானமாயிற்று. கத்தோலிக்க வீடுகளில் அது பெரிய நாள். வீட்டின் சிறந்த இடத்தில் படத்தை வைத்து, குடும்பத்தை ஒப்புக்கொடுத்து, வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுப்பார்கள். அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணி என்று குறித்தார்கள். ரீத்தா பதினெட்டுப் பேருக்குச் சொன்னாள். பாக்கியநாதனிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னாள்.

"ஒருத்தராச்சும் வெளக்கு வைக்கிற வரைக்கும் இருக்கணுங்க. இல்லேன்னா நான் இந்த நாற்காலி எல்லாத்தையும் லேலோங்குக்கே திருப்பி அனுப்பிருவேன்."

அந்த ஞாயிறு வந்தவர்கள், அறையைப் பார்த்தவுடன், வழக்கம்போல அடங்கிப் போனார்கள். ஆறு பேர் சுவரோரம் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் நாற்காலிகளுக்கு இடையில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பலகாரத்தட்டோடு வந்த ஆசியா பீவி, ஜெபம் நடக்கும் இடம் என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான்கு மணி அடித்தது. சாமியார் வரவில்லை. யாரோ தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். ரீத்தா படத்தின் மேலிருந்த துணியை மூன்றாம் முறையாகச் சரி செய்தாள்.

நாலேகாலுக்கு மழை பிடித்தது. பினாங்கு மழைக்கு ஒரு திசை போதாது. சுவரின் மேல்பகுதியில் காற்றுக்காக விட்டிருந்த மரச் சல்லடை வழியாக முதலில் மேற்கிலிருந்தும், பிறகு கிழக்கிலிருந்தும் சாரல் அடித்தது. சுவரோரம் இருந்தவர்களின் தோள் நனைந்தது, தலை நனைந்தது. அப்போதும் ஒருவரும் அசையவில்லை. அவ்வளவு மரியாதை.

சூசைக்கு மட்டும் பொறுக்கவில்லை. பழக்கதோஷம். எழுந்து நின்று டிராம் குரலில் கத்தினான்.

"ஓரத்துல நிக்காதீங்க! நடுவுல வாங்க, எல்லாரும் நடுவுல வாங்க! எடம் நெறையக் கெடக்கு!"

"தம்பி, நாற்காலிய இழுக்காதீங்க! மெழுகு போட்ட தரை!"

"தரை கெடக்கட்டும் அண்ணி, ஜனங்க நனையுதுங்க!"

ஆறு நாற்காலிகளும் கிரீச்சென்று தரையைக் கீறிக்கொண்டு நடுவுக்கு வந்தன. ஒவ்வொரு கீறலுக்கும் ரீத்தா கண்ணை மூடினாள். வட்ட மேசையின்மேல் படத்தை வைத்து, சுற்றி நாற்காலிகளைப் போட்டார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு பேர், மற்றவர்கள் பாயில், முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி. சாரலுக்குப் பயந்து ஆசியா பீவியும் உள்ளே ஓடி வந்தாள். வந்தவள் மெழுகுத் தரையில் கால் சறுக்கி, தட்டைத் தலைக்கு மேல் தூக்கியபடியே மூன்று முழம் வழுக்கிக்கொண்டு போய், சாமியாருக்காகக் காலியாக விட்டிருந்த நாற்காலியில் சரியாக உட்கார்ந்தாள். ஒரு பலகாரம் விழவில்லை.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பாக்கியநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"தரை வழுக்கும். பாத்து நடங்க."

கதை தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். "அடப் பாவிங்களா, நான் செத்திருப்பேன்லா!" என்று ஆசியா பீவி சிரித்தாள். முகம் சிவக்க நின்ற ரீத்தாவும் கடைசியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேசையோரமாக உட்கார்ந்துவிட்டாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சாமியார் ரிக்‌ஷாவில் நனைந்து வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. அதற்குள் பலகாரம் பாதி காலியாகியிருந்தது. ரீத்தா பதறி எழுந்தாள். சாமியார் பிரான்சு தேசத்து மனிதர். தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்த நெரிசலைப் பார்த்தார்.

"எனக்கு எங்கே இடம்?"

"வண்டி நெறஞ்சு போச்சு சாமி. உங்களுக்கு மட்டும் ஒரு சீட்டு வச்சிருக்கோம்" என்று சூசை தன் இடத்தைவிட்டு எழுந்தான்.

ஜெபம் முடிந்து படம் சுவரில் ஏறியது. விளக்கு வைத்த பிறகும் ஒன்பது பேர் இருந்தார்கள். ரீத்தா இரண்டு முறை எண்ணினாள்.

மறுநாள் காலையில் அவள் நாற்காலிகளை மறுபடி சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக நடுவுக்கு இழுத்து வந்து, தரையில் விழுந்திருந்த கீறல்களின்மேலேயே கால்கள் நிற்கும்படி வைத்தாள். படத்துக்கு யாரும் முதுகு காட்டக்கூடாது என்று அந்தப் பக்கம் மட்டும் திறப்பு விட்டாள். மெழுகு போடுவது அன்றோடு நின்றது.

அதன் பிறகு அந்த அறையில் காலி நாற்காலியைப் பார்ப்பது அரிதாயிற்று. ஆசியா பீவி முன்வாசல் வழியாக வந்தாள். சீட்டாட்டம், நவநாள் ஜெபம், பூத்தையல், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். பிள்ளைக்கு ஞானஸ்நானமா, பெண்ணுக்குப் பரிசமா, "ரீத்தாக்கா வந்து எங்க ஹாலை ஒரு தடவ பாக்கணும்" என்று கூப்பிட வந்தார்கள். அவள் போய், எதையும் தொடுவதற்கு முன்னால் அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவாள். "இங்க யாரு யாரு வருவாங்க?" என்று கேட்பாள். பிறகு நாற்காலிகளை இழுப்பாள். பாராட்டுவதில் நான் கஞ்சன் என்று பெயர். ஆனாலும் அவள் கைபட்ட அறைகளில் மனிதர்கள் நேரத்தை மறந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1935-இல் மடத்திலிருந்தே ஆள் வந்தது. பார்லருக்குப் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். ரீத்தா வந்து அவள் இஷ்டப்படி மாற்றி அமைக்க வேண்டும் என்று மதர் சொல்லியனுப்பியிருந்தார். பாக்கியநாதனையும் கூட்டிக்கொண்டு போனாள். பன்னிரண்டு நாற்காலிகளும் பழைய இடத்திலேயே இருந்தன. முதலில், அவர் பெண் கேட்டு வந்த அன்று தான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அறையைக் கடந்து போய், அவர் உட்கார்ந்த நாற்காலியிலும் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து, மெழுகும் தேங்காய் மட்டையும் கேட்டாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, சுவரிலிருந்து சுவர்வரை தரையைத் தேய்த்தாள். தேய்ப்பதற்காக ஒவ்வொரு நாற்காலியையும் நகர்த்தினாள். தேய்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே, சுவரோரமாக, திருப்பி வைத்தாள்.

"அவ்வளவுதானா, ரீத்தா?" என்று மதர் கேட்டார்.

"அவ்வளவுதான் மதர்."

திரும்பும்போது சூசையின் வண்டியில் ஏறினார்கள். டிராம் போய், மேலே கம்பி ஓடும் பஸ் வந்திருந்தது; குரல் மட்டும் அதேதான்.

"என்னா அண்ணி, மடத்து ஹாலையும் நடுவுல இழுத்துட்டு வந்தீங்களா?"

"இல்ல தம்பி. இருந்த எடத்துலயே விட்டுட்டேன்."

"ஏன்?"

ரீத்தா பக்கத்தில் இருந்த பாக்கியநாதனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சில்லறையைச் சூசையின் கையில் வைத்து, "ரெண்டு டிக்கெட்" என்றாள்.