குழாய் வழியே வந்த தட்டல்

அடைமழை நாளில் இரும்புக் குழாயில் காதை வைத்தால் முதலில் சில்லென்று குளிர் ஏறும். பிறகுதான் சத்தம் கேட்கும். இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரே கூரைக்கடியில் அறை அறையாக நீண்ட எங்கள் லயத்தின் பின்சுவரை ஒட்டி, எல்லாக் "காம்பரா"க்களையும் தொட்டுக்கொண்டு ஓடிய அந்தக் குழாய், லயத்துக் கோடியிலிருந்த "பீலி"யில் போய்த் தண்ணீர் கொட்டும். தண்ணீர் வந்ததும் அங்கே நிற்பவள் கல்லால் குழாயைத் தட்டுவாள். காம்பராக்களில் இருப்பவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தட்டல் கேட்டால் ஆள் பீலியில் நிற்கிறாள் என்பதில் எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எழுபதுகளில் ஓர் ஐப்பசி மழையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் "பெரட்டு"க்கு எல்லோரும் போன பிறகு, மலை சரிந்து, லயத்தின் நடுவிலிருந்த எங்கள் காம்பராவிலிருந்து பீலி வரைக்கும் மூடிவிட்டது. காய்ச்சலென்று வேலைக்குப் போகாத அம்மாவை மட்டும் காணோம். பள்ளிக்கூடத்திலிருந்து நான் ஓடி வந்தபோது, மண்ணுக்கு வெளியே மிஞ்சியிருந்த குழாயில் "டொக், டொக்" என்று கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. கங்காணி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பீலியிலதான் இருக்கா. தண்ணி புடிக்கப் போயிருக்கா. அங்க வெட்டுங்க" என்றார். அப்பாவும் அதையே நம்பினார், நானும்தான்.

ஆண்கள் மம்பட்டியோடு கோடிக்கு ஓடினார்கள். அப்பா ஒரு கல்லெடுத்துக் குழாயைத் திருப்பித் தட்டி, "இந்தா வந்துட்டோம் புள்ள" என்று சொல்லிவிட்டு ஓடுவார். கையால் மண்ணை அள்ளுவார். மறுபடி வந்து தட்டுவார். ஒவ்வொரு முறையும் அம்மா பதில் தட்டினாள். பொழுது சாயுமுன் தட்டல் தளர்ந்து, பிறகு நின்றுவிட்டது. பீலியில் யாருமில்லை. எங்கள் காம்பராவின் பின்சுவரோரம், செம்பைப் பிடித்தபடி உயிரில்லாமல் கிடந்த அம்மாவைக் கண்டெடுத்தார்கள்.

பதுளையில் மேல்வகுப்புப் படித்தபோது, அலைதான் பயணம் போகும், பொருள் தன் இடத்திலேயே நின்று அதிரும், இரும்பில் ஒலி காற்றைவிடப் பல மடங்கு விரைவாக ஓடும் என்று வாத்தியார் சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எந்த இடத்தில் தட்டினாலும் குழாய் முழுவதும் கேட்கும். இத்தனை சின்ன விஷயம் அன்றைக்கு அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இப்போது அந்த லயம் இல்லை. சரிந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. இரும்புக் குழாய்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் போட்டுவிட்டார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்றை மட்டும் அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. ஒலி இரண்டு பக்கமும் போகும். அவர் தட்டியதெல்லாம் அம்மாவுக்குக் காதோரம் கேட்டிருக்கும். நாங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள்.