கொஞ்சம் கூடிப்போன ஒயில்

என் கணவருக்கு வலது கண்ணில் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்து மூன்றாம் நாள், வளைவில் காரைத் திருப்பும்போது, இஞ்சின் எண்ணெய் குறைந்தால் எரியும் ஒயில் விளக்கு ஒருக்கால் மின்னி அணைந்தது. இடது கண் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். வலது கண்ணையும் மூடிக் கட்டியிருந்ததால் அந்த நாட்களில் அவருக்கு எதுவும் சரியாகத் தெரியாது. குனியவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் அன்றுவரை இஞ்சினை மூடியிருக்கும் பொனற்றைத் திறந்து பார்த்ததில்லை. அது அவருடைய வேலை.

"ஒரு லீற்றர் வாங்கினாக் காணும். எந்த ஒயில் எண்டு ஊத்திற வாயின்ரை மூடியிலை நம்பர் இருக்கு. பாத்துக்கொண்டு போம்" என்றார்.

ஓம் என்றுவிட்டுப் பார்க்காமலே போனேன். பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள் நான். பிட்டுக்குத் தண்ணீரைக்கூட அளந்து தெளிக்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது ஒரு வேலையா என்று ஒரு நினைப்பு.

கடைக்காரர் காரின் பெயரைக் கேட்டார், நம்பரைக் கேட்கவில்லை. "எங்கடை வெக்கைக்கு மெல்லிசு ஒயில் தண்ணி மாதிரி ஓடிப்போம் அக்கா. தடிப்பானதைக் கொண்டு போங்கோ" என்று நாலு லீற்றர் கான் ஒன்றை எடுத்து வைத்தார். தடிப்பென்றால் நல்லதுதானே என்று எனக்கும் பட்டது.

வீட்டுக்கு வந்து ஊற்றினேன். கொஞ்சம் விட்டதும் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும்தான் எண்ணெய். ஊற்றினது கீழே இறங்க நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியாது. திரும்ப விட்டேன், திரும்பப் பார்த்தேன். கடைசியில் கம்பி முழுக்க எண்ணெய் பூசியிருந்தபோது கான் அநேகமாக வெறுமையாகியிருந்தது. கானை மூடிக் காரின் பின்பக்கத்தில் வைத்தேன்.

விறாந்தையில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தவர், "கம்பியிலை இரண்டு கோட்டுக்கும் நடுவிலை நிக்குதோ?" என்று கேட்டார்.

"சரியா நிக்குது" என்றேன்.

அடுத்த நாள் காலை யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு வெளிக்கிட்டோம். கார் சுமை இழுக்கிற மாட்டைப்போல முனகியது. ஆனைக்கோட்டைக்குக் கிட்ட அவர் மூக்கை உறிஞ்சினார்.

"இஞ்சரும், என்ன எண்ணெய் எரியிற மணம்?"

"முன்னாலை போற பஸ்ஸாயிருக்கும்."

முன்னால் பஸ் எதுவும் இல்லை. கண்ணாடியில் பார்த்தால் எங்களுக்குப் பின்னால் நீலமாய்ப் புகை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் கையைக் காட்டிக் காட்டிக் கடந்து போனார். நான் காரை ஓரங்கட்டினேன்.

"பஸ் இல்லையப்பா. எங்கடை கார்தான். ஒயிலைக் கூட விட்டிட்டன்."

"எவ்வளவு?"

"கானிலை ஒரு சொட்டுத்தான் மிச்சம்."

"இஞ்சினை நிப்பாட்டும். இனி ஸ்ராட் பண்ணாதையும்" என்றார். பிறகு மெதுவாக, "நேற்றுக் கேக்கேக்கை சரி எண்டனீர்."

"உங்களாலை வந்து பாக்கேலாது எண்டு தெரிஞ்சுதான் சொன்னன்."

அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. காரை அங்கேயே பூட்டினேன். ஓட்டோ பிடித்துக் கிளினிக்குக்குப் போனோம். அங்கே கட்டை அவிழ்த்துப் பார்த்து, கண் நன்றாக இருக்கிறது, இனிக் கட்டத் தேவையில்லை என்றார்கள். திரும்பும் வழியில் பக்கத்துக் கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காரடிக்கு வந்தோம்.

கராஜ்காரர் காருக்குக் கீழே படுத்து ஒயில் அடைப்பைக் கழற்றினார். கீழே வைத்த பேசினுக்குள் எண்ணெய் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. "அக்கா, உது இரண்டு காருக்குக் காணும்" என்றார். நல்லகாலம், தூரம் ஓடாததால் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு மூடியைக் கழற்றிக் காட்டினார். சைபரில் தொடங்குகிற நம்பர், அதாவது மெல்லிசு ஒயில். என் கானில் இருபதில் தொடங்கியது. "இந்தச் சின்ன இஞ்சினுக்குள்ளை வழியெல்லாம் ஒடுக்கம். தடிப்பு ஒயில் கெதியாப் போகாது. ஆனா எத்தினை லீற்றர் பிடிக்கும் எண்டு எனக்கும் தெரியேல்லை அண்ணை."

"புத்தகம் இருக்கு" என்றார் என் கணவர்.

ஜப்பானிலிருந்து காரோடு வந்த புத்தகம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி, இலக்கங்கள் மட்டும்தான் விளங்கும். ஒயில் கானின் படம் போட்ட பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எழுத்துச் சின்னது, என் கண்ணாடியை வீட்டில் விட்டிருந்தேன். அவர் கையை நீட்டினார். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, புத்தகத்தைத் தூரப் பிடித்து, கிட்டக் கொண்டுவந்து, திரும்பத் தூரப் பிடித்தார்.

"இரண்டு தசம் ஏழு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கறுப்பு எழுத்து நல்ல கறுப்பாத் தெரியுது" என்றார்.

கராஜ்காரர் கடைக்குப் போய்ச் சரியான ஒயிலை வாங்கிவந்து அளந்து விட்டார். இஞ்சினை ஓடவிட்டு நிற்பாட்டி, பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார். கம்பியைத் துடைத்து, திரும்ப விட்டு இழுத்துப் பார்க்க என்னையே வைத்தார். மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது.

வீட்டுக்குப் போகும்போது, "கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவம்தான். ஒயிலுக்கில்லை."

"விளங்குது" என்றேன். "இனி அப்பிடிச் சொல்லமாட்டன்."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரத்தில் வழியில் வந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார், பேக்கரி, பல் வைத்தியர், சீமெந்து. வட்டுக்கோட்டைச் சந்திவரை நிறுத்தவேயில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.