ஞாயிற்றுக்கிழமை உதவி வண்டி

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனைக் கண்டால் ஊரில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு நற்பணி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. நீங்களும் சம்பளமில்லாத வேலைக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டவராக இருந்தால் மேலே படியுங்கள். நமக்குள் வெட்கம் எதற்கு?

என் அப்பா மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ஒரு பாதிரியாரின் தயவால் நான் மதராஸ் போய் பி.ஏ. முடித்து வந்தேன். இப்போது ஈப்போவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கோர்ட்டுக்குக் காகிதம் கொண்டுபோவதற்காக மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியிருந்தேன். வக்கீல் ஐயாதான் நடைப் பந்தயக் கமிட்டிக்கும் காரியதரிசி. "உதவி வண்டிக்கு ஒரு ஆள் வேணும்" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது, என் தலை தானாகவே ஆடியது. பக்கத்தில் ஆள் உட்காரும் பெட்டி பூட்டிய கமிட்டி வண்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் என் கைக்கு வந்தது.

மார்க்கெட் முனை

வேலை என்னவோ எளிதுதான். நடக்கிறவர்களோடு சாலையில் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். மயங்கியவரையும் முடியாதென்று உட்கார்ந்தவரையும் பெட்டியில் ஏற்றி வர வேண்டும். ஆனால் நடந்துகொண்டிருப்பவருக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது. தண்ணீர் தரக் கூடாது, கை கொடுக்கக் கூடாது, யோசனைகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் அந்த ஆள் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார்.

நான் முதலில் ஏற்றியது ஒரு துணிக்கடைக் கணக்கப்பிள்ளையை. புதுக் கான்வாஸ் சப்பாத்து, வீட்டார் போட்டு அனுப்பிய சாமந்தி மாலை, எல்லாம் அமர்க்களமாக இருந்தது. ஐந்தாவது மைலில் ஒரு ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் காலடியில் ஒளித்துவைத்தார். ஊர் நெருங்கியதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, மார்க்கெட் முனைக்கு முன்னாடியே ஓரமா எறக்கி விட்டுருலா. மாமியார் வந்து நிக்கிறாங்க."

சிலிபினில் தள்ளியது

மனிதன் நடக்கும் வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினால் மோட்டார் சைக்கிள் கொதித்துப்போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வழியிலிருந்த சிலிபின் ஊர்க் கடைகளுக்கு நேர் எதிரில் அது இருமி, புகைந்து, நின்றது. ஆறும்வரை தள்ளினேன். நான் உதவ வேண்டியவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் தள்ளிவிடக் கை நீட்டினார்கள். அவர்கள் எனக்கு உதவலாமா என்பது சட்டத்தில் இல்லை. பயத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோப்பிக் கடை வாசலில் நின்ற ஒரு அக்கா இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

"மூணு சக்கரத்த ரெண்டு காலு தள்ளுது. இதுல யாருக்கு யாரு உதவின்னு கேட்டுச் சொல்லுங்கடா!"

ஐந்து சைக்கிள்

அடுத்த பந்தயம் பதினெட்டு மைல். முதலில் வரும் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சைக்கிள் தருவதாக ஒரு ஈயச் சுரங்க முதலாளி அறிவித்திருந்தார். புறப்படும் திடலில் வெறுங்காலோடு ஒருவர் தனியாக நின்றிருந்தார். பெயர் முனியாண்டி, தோட்டத்தில் பால் வெட்டு. என் அப்பாவும் அதே வேலைதான் என்று சொன்னதும், "ஐயா" என்று ஆரம்பித்தவர் "தம்பி"க்கு வந்தார்.

அவர் மனைவி பாக்கியம் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தோட்டத்திலிருந்து ஒன்பது மைல். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு நடந்தால், போய்ச் சேர்வதற்குள் நோயாளியைப் பார்க்கும் நேரம் முடிந்துவிடும். சைக்கிள் இருந்தால் தினமும் பார்க்கலாம். தோட்டத்தில் இருந்த ஒரே சைக்கிள் கணக்கெழுதும் கிராணியுடையது. அதைத் துடைக்கலாம், தொட்டு ஏறக் கூடாது.

"ஒரு நாளு நல்லா நடந்துட்டா, அப்புறம் நடக்கவே வேணாம் பாருங்க" என்றார்.

பெரட்டு

ஜெலாப்பாங்கில் ஒரு சோதனை இடம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது முனியாண்டி மூன்றாவதாக வந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. வாத்தியார் பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றவர், கைகளைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

வாத்தியார் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நாலாவது ஆள் வந்தார், பெயர் சொன்னார், போனார். ஐந்தாவது ஆளும் போனார். முனியாண்டி நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் சொன்னவன், கிராணி "போ" என்று சொல்லும்வரை அசையக் கூடாது. அசைந்தவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. என் அப்பா முப்பது வருஷம் அப்படி நின்றவர். எதிரில் மேசை, மேசைமேல் புத்தகம், பெயர் கூப்பிட ஒரு ஆள். முனியாண்டிக்கு வேறு என்ன தோன்றும்?

ஆறாவது ஆள் வளைவில் தெரிந்தார். நான் வாயைத் திறந்தேன். "அண்ணே, இது பெரட்டு இல்ல. போங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பி, கட்டிய கையை அவிழ்த்தார்.

"போலாமா? சொல்லவே இல்லியே தம்பி!"

பதில் எழுதியது

முனியாண்டி ஐந்தாவதாக வந்தார். சைக்கிளின் மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பரிசு கொடுப்பதற்கு முன் உதவி வண்டிக்காரன் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒரு கேள்வி: நடப்பவர் எவருக்கேனும் சொல்லாலோ செயலாலோ உதவினீரா?

ஆம் என்று எழுதினேன். முனியாண்டியின் பெயரும் எழுதினேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பாதி பயம். வாத்தியார் என் குரலைக் கேட்டிருந்தால்? வேலை நிரந்தரமாகாமல் போனால்? எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. வாத்தியாரோ எதையும் கவனித்திருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தச் சைக்கிளை ஆறாவதாக வந்தவர் உருட்டிக்கொண்டு போனார். முனியாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துச் சாலையில் நடந்தார், அன்றைக்கு நடந்த பதினெட்டு மைல் போதாதென்று.

வக்கீல் ஐயா தாளை இரண்டு தரம் படித்தார்.

"கேள்வின்னு ஒண்ணு இருந்தா பதில் எழுதியே ஆகணும்னு எந்தக் காலேஜ்லப்பா சொல்லிக் குடுத்தாங்க?"

பெட்டியில் போனது

அடுத்த ஞாயிறு கமிட்டி வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முனியாண்டி திட்டுவார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பெட்டியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். பத்து காஜா வரைக்கும் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி வந்தார்.

பாக்கியம் அக்கா எலும்பும் தோலுமாக இருந்தார். பந்தயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. "சைக்கிள் கெடச்சுதா?" என்றார். முனியாண்டி என் தோளில் கை போட்டார்.

"சைக்கிளா? மோட்டாரும் குடுத்து, ஓட்டறதுக்கு பி.ஏ. படிச்ச ஆளும் குடுத்துட்டாங்க புள்ள!"

புதன்கிழமை

பாக்கியம் அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறிய பிறகும் சிரித்தார். மறு ஞாயிறும் போனோம். வார நாட்களில் ஒரு தரமாவது வண்டி தரும்படி வக்கீல் ஐயாவிடம் கேட்க நினைத்தேன். மூன்று நாள் மேசைவரை போய், வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாவது ஞாயிறு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது முனியாண்டி சட்டை மாட்டவில்லை. தலை மழித்திருந்தது. செவ்வாய்க்கிழமை பால் நிறுத்த கையோடு நடந்து போயிருக்கிறார். போய்ச் சேர்ந்தபோது பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது. வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விடிந்தால் பெரட்டு என்று திரும்பி நடந்திருக்கிறார். மறுநாள் செய்தி வந்தது. நான் பேச ஆரம்பித்தேன்; எதைப் பேசினேன் என்று நினைவில்லை. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க ஞாயித்துக்கெழம வாரீங்க. அவ புதங்கெழம போயிட்டா."

என் வேலை போன வாரம் நிரந்தரமானது. உதவி வண்டி ஓட்ட என்ன தகுதி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, சட்டப்படி யாருக்கும் உதவாமல் இருக்கத் தெரிந்தால் போதும், பி.ஏ. கூடத் தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.