நாலுக்கு ஆறு

தொண்ணூறுகளின் கடைசியில் துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு மாடி டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை அடிப்போம். ஸ்கேனரும் கலர் பிரின்டரும் வந்த பிறகு, போட்டோவைக் கேட்ட அளவுக்கு மாற்றித் தருகிற வேலையும் சேர்ந்துகொண்டது. பழைய போட்டோவோடு காலி ஃபிரேமையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். "இதுக்குள்ள கச்சிதமா உக்காரோணுமுங்க, ஓரத்துல வெள்ளை தெரியக்கூடாதுங்க" என்பார்கள்.

அளவு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. திரையில் இரண்டு கட்டங்கள் வரும். ஒன்றில் அகலம், இன்னொன்றில் உயரம், இன்ச் கணக்கில் அடிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அது இருக்கிறவரை அகலத்தை மாற்றினால் உயரமும் அதற்கேற்பத் தானாக மாறிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டால் எந்தப் படத்தையும் எந்த அளவுக்கும் இழுக்கலாம். ஃபிரேமில் கச்சிதமாக உட்காரும், உட்கார்ந்திருப்பது யார் என்றுதான் தெரியாது. நான் டிக்கைத் தொட மாட்டேன். படம் பொருந்தவில்லை என்றால் ஓரத்தை வெட்டுவேன், முடியாவிட்டால் வெள்ளை விடுவேன். "அட, சித்தெ இழுத்து உடு அம்மணி, என்ன கெட்டுப்போச்சு" என்று கெஞ்சுகிறவர்களிடம், "உங்க அப்பாரு மூஞ்சி சொரக்காயாட்ட ஆனாப் பரவால்லீங்களா?" என்று கேட்பேன். இதனால் சில பேர் அடுத்த கடைக்குப் போனதும் உண்டு. முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தச் சமயத்தில் எனக்கு வீட்டில் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார்கள். தேடியது அம்மா ஒருத்திதான், அப்பா இறந்துவிட்டார். நான் குட்டை, உடம்பும் நல்ல பருமன். ஜாதகம் பொருந்தி வந்த இடங்கள் எல்லாம் போட்டோவைப் பார்த்ததும் சத்தமில்லாமல் நழுவிவிட்டன. எனக்குக் கல்யாணம் ஆவதைப் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோம் என்று அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. நழுவினவர்கள் போய்த் தொலையட்டும் என்பேன், அவள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

எங்கள் தரகரிடம் ஒரு ஆல்பம் இருந்தது. அதில் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையிலும் முன்பக்கம் போட்டோ, பின்பக்கம் மடித்த ஜாதகம். பை நாலுக்கு ஆறு இன்ச். என் போட்டோ யார் கல்யாணத்திலோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. பக்கத்தில் இருந்தவர்களை வெட்டியதில் கிட்டத்தட்டச் சதுரமாகியிருந்தது. பைக்குள் மேலேயும் கீழேயும் இடம் விட்டுக்கொண்டு நிற்கும். தரகர் அம்மாவிடம், "பை நெறைய இருந்தாத்தானுங்க பாக்கறவங்களுக்கு ஒரு இது இருக்கும். இதென்னமோ ஓட்டுப் போடற கார்டுல இருந்து வெட்டுனாப்பல இருக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஒரு விசேஷத்துக்காக வால்பாறை போயிருந்த நாளில் அம்மா அந்தப் போட்டோவோடு எங்கள் கடைக்குப் போயிருக்கிறாள். என்னோடு வேலை செய்த பெண் டிக்கை எடுத்துவிட்டு நாலு, ஆறு என்று அடித்தாள். நான் நீண்டுவிட்டேன். கன்னம் வடிந்து, தாடை கூர்மையாகி, கழுத்து ஒன்றும் முளைத்துவிட்டது. அம்மா திரையைப் பார்த்தபடியே நின்றாளாம். பிறகு, "இதுவே இருக்கட்டும் கண்ணு, எனக்கு ஊட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றாளாம்.

ஊரிலிருந்து வந்து அதை வீட்டில் பார்த்தபோது, "யாரும்மா இது?" என்றேன்.

"யாரா? நீதான். சித்தெ நீட்டமா உழுந்திருக்கறே."

"நேர்ல பாத்தாத் தெரியாதா?"

"மொதல்ல வரட்டும் கண்ணு. ஊடு தேடி வந்துபோட்டா, உன்னப் பாத்து, உன்ற பேச்சக் கேட்டு மனசு மாறமாட்டாங்களா?"

தரகரிடமிருந்து திரும்ப வாங்கு என்று சத்தம் போட்டேன். வாங்கவில்லை.

வந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் தரகரோடு வந்திருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு என்னைப் பிரியமாகவே பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இது மூத்த புள்ளைங்களா? பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

தரகர் விட்டத்தைப் பார்த்தார். வீட்டுக்கு விருந்தாக வந்த ஒரம்பரை சொல்வதை முகத்துக்கு நேரே மறுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வெயிலில் நின்று மழை என்றாலும் முதலில் ஆமாங்க என்போம், பிறகுதான் மெதுவாக மாற்றிப் பேசுவோம். அம்மாவும் "ஆமாங்க" என்றாள். இனி மாற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாங்க, மூத்தவதானுங்க. சின்னவ... உள்ளாற இருக்குதுங்க" என்றாள்.

உள்ளே யாரும் இல்லை. நான் ஒரே பிள்ளை.

"எனக்குத் தங்கச்சி இல்லீங்க. நாந்தானுங்க பொண்ணு. போட்டோவுல இருக்கறதும் நாந்தான். பைக்குப் பத்துலைன்னு இழுத்துப்போட்டாங்க" என்றேன். கடையில் விவரம் சொல்கிற குரலிலேயே சொன்னேன்.

அந்த அம்மா காப்பியை மீதி வைக்காமல் குடித்தார். மாப்பிள்ளை செருப்பைத் தேடினார். "போயிட்டுத் தாக்கல் சொல்லி உடறோமுங்க" என்றார்கள். அம்மா வாசல்வரை போய், "ஆகட்டுங்க" என்றாள். அப்படி ஒரு சேதி வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவர்கள் தெருவைத் தாண்டியதும் கத்த ஆரம்பித்தேன். வந்தவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பெற்றவளே என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொருத்தியைச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "யாரும்மா அந்தச் சின்னவ? எங்க இருக்கறா? கூப்புடு, நானும் பாக்கறேன்."

அம்மா டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத கண்ணு. அந்தப் போட்டோவத் தெனமும் எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருந்தனா... இவளுக்கு எப்படியும் ஆயிப்போகும்னு ஒரு தெம்பு வந்துருச்சு. அவங்க கேட்டப்ப, உள்ள இருந்து அவ வருவான்னுதான் நானும் பாத்துட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அதற்கு மேல் என்னால் கோபப்பட முடியவில்லை. பட்டுச் சேலையோடு கீழே உட்கார்ந்து அழுதேன்.